தட்டின் நடுவில் ஒரு புழு

1

வேறு வேலையாக ஓர் ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கண்ணாடித் தட்டுக்கு மேல் ஒரு பெண்ணின் கை நடுங்கியது. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து காரணத்தை நானே இட்டுக்கட்டினேன். அதுதான் இந்தக் கதை.

2

தொடக்கம்: புழுக்கள் அழகானவை, அவற்றின்...

(வேண்டாம். பயந்துபோய் எழுதுகிறவன் இப்படித் தொடங்கமாட்டான்.)

அவளை ஆய்வகத்தில் எல்லோரும் புழுக்காரி என்பார்கள். எந்தச் செடியைப் புழு தின்னும், எதை முகர்ந்துவிட்டு ஒதுக்கும் என்று பார்ப்பதே வேலை. தட்டின் ஓரத்தில் விதவிதமான இலைத் துண்டுகள். நடுவில் பசித்த புழு. 'இது முட்செடியை மட்டுமே தின்னும்' என்று அவள் சொன்னதை நம்பித்தான், முட்செடி மண்டிய தரிசில் அதை அழிக்க இந்தப் புழுக்களை விட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தங்கையின் தோட்டம்.

[தங்கை தேவையா? தேவை. ஊரான் தோட்டத்துக்கு அப்படிக் கை நடுங்காது.]

3

இன்று காலை புழு முட்செடியை விட்டுவிட்டுக் கத்தரி இலையைத் தின்றது. பிறகுதான் பிளேடைப் பார்த்தாள். முட்செடியை நறுக்கியபோது அதில் ஒட்டிய சாற்றைத் துடைக்காமலே கத்தரி இலையையும் நறுக்கியிருந்தாள். புழு சாற்றின் வாசனைக்கு வந்ததா, கத்தரிக்கே வந்ததா?

புதுப் பிளேடு, புதுத் தட்டு, ஓரத்தில் அதே இரண்டு இலைகள், நடுவில் வேறொரு புழு. மூடியை வைத்ததும் போன் அடித்தது.

"அக்கா, நாத்தெல்லாம் இறக்கியாச்சு. ஆளுங்களும் வந்துட்டாங்க. கத்தரி நடலாம்ல?"

"கொஞ்சம் இரும்மா."

"என்னக்கா பயமுறுத்துற? அந்தப் புழு நம்ம செடியத் தொடாதுன்னு நீதான சொன்ன? அத நம்பித்தான் கையில இருந்ததெல்லாம் இதுல போட்டேன்."

"ஒரு நிமிஷம்."

"வெயில் ஏறுதுக்கா. நாத்து வாடுது."

புழு தலையைத் தூக்கி இரண்டு பக்கமும் ஆட்டியது.

4

ஒரு முடிவு: புழு முட்செடிக்குப் போகிறது, தங்கை நடுகிறாள். (எழுதிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. ஒரு புழு ஒதுக்கியதை எல்லாப் புழுவும் ஒதுக்குமா?)

இன்னொரு முடிவு: தரிசில் முட்செடி தீர்ந்துகொண்டு வருகிறது, அங்கே பசியோடு இருக்கும் புழுக்கள் வேலியைத்...

இதை என்னால் முடிக்க முடியவில்லை.

5

புழு இன்னும் நகரவில்லை.

"அக்கா, லைன்ல இருக்கியா? நடட்டுமா?"

அவள் வாயைத் திறந்துவிட்டாள். வார்த்தையை நான் தரப்போவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள். ஆனால் 'நடு' என்று சொல்பவர், பிறகு ஒருநாள் அந்தத் தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். தங்கை பக்கத்திலேயே நிற்பாள்.