கருப்பசாமியின் காலடி மட்டம்

நெல்லியாற்றுக்குக் குறுக்கே அணை கட்டினால் பாறைப்பட்டியில் எவ்வளவு வெள்ளச் சேதம் குறையும் என்று கணக்கிடும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. குறையும் சேதம் கட்டும் செலவைத் தாண்டினால் அணை வரும். இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள். போன ஐப்பசி வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று ஊரில் கேட்டு எழுத வேண்டியது நான்.

ஆடலூர் மலையை விட்டு ஆறு இறங்கித் திரும்பும் இடத்தில் ஊர். கரையில், இடுப்புயரப் பீடத்தின் மேல் கருப்பசாமி நிற்கிறார். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: தண்ணீர் சாமி காலைத் தொட்டது, திரும்பிவிட்டது. வீடு வீடாகப் போனேன். ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. இவ்வளவு ஒத்துப்போகும் சாட்சி எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. காலடி மட்டத்தையே வெள்ள மட்டமாக எழுதினேன்.

முருகம்மாள் அக்கா வீடு கோயிலுக்கு மேலே, சரிவில் இருக்கிறது. அந்த வெள்ளத்தன்று பின்சுவர் விழுந்தது. இப்போது அங்கே தார்பாய். அதன் ஓரத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் தூங்குகிறார்கள். அணை எப்போது வரும் என்று என்னிடம் கேட்டவர் அவர் மட்டும்தான். காப்பி ஆற்றிக்கொண்டே, அரிசி டிரம் வீட்டுக்குள் மிதந்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதை ஓரத்தில் குறித்தேன். சுவர் மட்டும் 'மழையில் ஊறி விழுந்தது' என்று அறிக்கையில் ஏறிவிட்டது.

வேலை முடிந்து நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் ஆற்றின் குறுக்குவெட்டு வரையச் சொன்னார்கள். ஊரில் மட்டம் பார்க்கும் மிஷினை வைத்து எடுத்திருந்த உயரங்களைக் கொண்டு நான் பாறைப்பட்டியை வரைந்தேன். அக்கா வீட்டு வாசற்படி கருப்பசாமியின் தலைக்கு மேலே வந்தது. நான்தான் தப்பு செய்திருப்பேன் என்று அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். மறுபடியும் அங்கேதான் வந்தது. டிரம் மிதந்தது உண்மையென்றால் சாமி முழுக்க முங்கியிருக்கிறார்.

மறுநாள் எங்கள் பொறியாளர் வேல்ராஜ் சாரிடம் தாளை நீட்டினேன். காலடி மட்டம் என்றால் வயல் மட்டும் நனையும், வீடு ஒன்றுகூட இல்லை. அந்தக் கணக்கில் அணைத் திட்டம் தேறாது என்பது அவருக்கும் தெரியும். கோயிலுக்குப் போய் மண் கறை பார்க்கலாம் என்றேன். திருவிழாவுக்குப் பெயின்ட் அடித்து அதை மறைத்துவிட்டார்களாம்.

"ஊரே சாமி பக்கம் நிக்குது சுகன்யா. ஒரு டிரம்ம நம்பி அணை கட்டச் சொல்றியா?" என்றார். பிறகு, ஊர்க்காரர் ஒருவராவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டத்தை மாற்றலாம், திட்டத்தை முடிவு செய்யும் கூட்டம் நாளைக்குச் சாயங்காலம் என்றார்.

மறுநாள் வெள்ளனே பாறைப்பட்டிக்கு பஸ் ஏறினேன். அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். முகம் மாறவில்லை.

"தண்ணி சாமிக்கு மேல போச்சுன்னு நான் சொல்லணும். அப்படித்தான தாயி?"

"ஆமாங்க்கா."

"காவலுக்கு நிக்கிற சாமி அது. அது முங்கிருச்சுன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

"எல்லாருக்கும் தெரியும்லக்கா."

"தெரியும். உன் மிஷினுக்கும் தெரியுது. அப்புறம் என் வாய் எதுக்கு?"

அக்கம்பக்கத்தில் கேட்கலாமா என்றேன். கேட்டுப் பார் என்றார். கேட்டேன். சாமி காலைத் தொட்டது, திரும்பிவிட்டது. ஒரு பெரியவர், எத்தனை தடவைம்மா கேப்பீங்க, மாத்திச் சொன்னா அரிசி குடுப்பீங்களா என்று சிரித்தார்.

திரும்பி வந்தபோது அக்கா உத்தரத்தில் கயிறு போட்டிருந்தார்.

"அப்ப அணை வராதுல்ல?"

முடிந்தவரை எழுதிப் பார்க்கிறேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். குறுக்குவெட்டைப் பின்னிணைப்பில் வைக்கலாம். அதை யாரும் புரட்டுவதில்லை.

"வராதுங்க்கா," என்றேன்.

தலையசைத்தார். கயிற்றின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்து, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேருமாக அரிசி டிரம்மைத் தூக்கி உத்தரத்தோடு சேர்த்துக் கட்டினோம். இந்த ஐப்பசிக்கு அந்த உயரம் போதுமா என்று கேட்டார்.