உள்ளங்கை ருசி

உப்பு ஜாடியை நான் குப்பைக்கூடையில் போட்ட அன்றைக்கு என் மகள் கேட்டாள், "அம்மா, பிரஷர் அப்பாவுக்கா, உனக்கா?" வாய்த்துடுக்கு. இருந்தாலும் கேள்வியில் தப்பில்லை. டாக்டரம்மாவின் அறையை விட்டு வெளியே வந்ததிலிருந்து எனக்குத்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

இவர் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினார். "உங்க வீட்டுல வேற யாருக்காவது இது இருந்திருக்கா?" என்று கேட்டார். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் சொன்னேன். இவருடைய அண்ணனுக்கும் இதே வியாதிதான், கண்டுகொள்ளாமல் விட்டார், ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வலது பக்கம் விழுந்துவிட்டது, இன்றைக்கும் அவருக்கு யாராவது ஊட்டித்தான் விட வேண்டும் என்று. "அப்ப மாத்திரை மட்டும் போதாதும்மா. உப்பைக் குறைங்க" என்றார். குறைங்க என்றுதான் சொன்னார். எதையும் பாதியாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

இவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். அங்கே வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் இவர் 'மாஸ்டர்'. அளவுக் கரண்டி என்று ஒன்றை இவர் தொட்டதே கிடையாது. கொதிக்கிற அண்டாவிலிருந்து கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கைக் குழியில் விட்டு நக்குவார். "இன்னும் அரைக் கை" என்பார். அதோடு முடிந்தது.

வீட்டிலும் அதே கதைதான். நான் என்ன சமைத்தாலும் அடுப்பை அணைப்பதற்கு முன் கரண்டியோடு இவரைத் தேடிப் போவேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் சரி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாலும் சரி, பார்க்காமலே கையை நீட்டுவார். "ம்" என்றால் சரியாக இருக்கிறது. "உப்பு தூக்கல்" என்றால் நான் அன்று முழுக்க உர்ரென்று இருப்பேன். கல்யாணம் ஆன புதிதில் ஆரம்பித்தது. எங்கள் இரண்டு பேருக்குள் கொஞ்சல் என்று ஏதாவது உண்டென்றால் அது அதுதான்.

ஜாடி போனதும் அந்தப் பழக்கமும் போய்விட்டது. உப்பே இல்லாத பருப்பில் என்னத்தை ருசி பார்ப்பது?

மகள் தினமும் தட்டின் முன்னால் ஒரு நாடகம் போட்டாள். "ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு இதைச் சாப்பிட்டா ஒரு நியாயம் இருக்கும்மா. நல்லா இருக்கும்போதே எதுக்கு?" என்றாள். இவர் மட்டும் மூச்சு விடவில்லை. போட்டதைச் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார். உப்பு ஒரு கல் கூடினாலே கண்டுபிடிக்கிற மனுஷர் இப்படிச் சாதுவாகச் சாப்பிட்டதும் எனக்குள் ஏதோ நெருடியது.

அடுத்த முறை டாக்டரம்மா பார்த்தபோது அளவு முன்னைவிட ஏறியிருந்தது.

"வீட்டுல உப்பைக் குறைச்சீங்களா, இல்லையா?"

"ஜாடியையே தூக்கிப் போட்டுட்டேன் டாக்டர்."

"நான் அப்படி அடியோட நிறுத்தச் சொல்லலையேம்மா! கொஞ்சம் போட்டுக்கலாம். அது இருக்கட்டும், உப்பே இல்லாம இவ்வளவு ஏறுதுன்னா, வெளியில எங்கயோ உள்ள போகுது. இப்படியே விட்டா அவங்க அண்ணனுக்கு ஆனதுதான் இவருக்கும்."

வெளியே வந்ததும் தெருவென்றும் பார்க்காமல் பிடித்துக்கொண்டேன். "எங்க சாப்பிடறீங்க? உண்மையைச் சொல்லுங்க!"

"சத்தியமா ஒரு வாய் கூட வெளியில சாப்பிடலடி. நீ கட்டிக் குடுக்கறதைத்தான் சாப்பிடறேன்."

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். ஆனால் கூடப் பிறந்த அக்கா ஒன்றைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனுஷரும்கூட. அக்கா வீடு தொழிற்சாலையிலிருந்து திரும்பும் வழியில்தான் இருக்கிறது. என் மூளை அந்தப் பக்கமாக ஓடியது. காலும் பின்னாலேயே ஓடியது.

நான் அண்ணி என்று கூப்பிடுகிற அந்த அக்கா கதவைத் திறந்ததும் கேட்டுவிட்டேன். "அண்ணி, தம்பி மேல பாசம் இருக்கலாம். அதுக்காக எனக்குத் தெரியாம ஊட்டி விடாதீங்க."

அண்ணி கையில் ஈரத்துணி இருந்தது. உள்ளே கட்டிலில் இவருடைய அண்ணன் சாய்ந்து கிடந்தார். வாயின் ஒரு ஓரத்தில் கஞ்சி வழிந்துகொண்டிருந்தது. அவரை வைத்துப் பார்த்துக்கொள்வது அண்ணிதான் என்பதை நான் ஏதோ மறந்தவளைப் போல நின்றேன்.

"பாரு, நல்லாப் பாரு" என்றார் அண்ணி. "ஒருத்தன் வாயைத் துடைச்சே என் பொழுது போகுது. இன்னொருத்தனையும் இந்தக் கட்டில்ல போட்டுப் பார்க்க எனக்கு ஆசையா? என்னைப் பார்த்து இதைக் கேக்க உனக்கு எப்படி நாக்கு வந்துச்சு?" துணியைப் பிழிந்து உதறினார். "உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. உப்புப் போட்டுச் சாப்பிட்டாத்தானே சூடு சொரணை இருக்கும்? உங்க வீட்டுலதான் அதை நிறுத்திட்டீங்களே!"

வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை இவர் வேலைக்குப் போனபின் நானும் கிளம்பினேன். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்ற முடிவோடு, காய்கறி மூட்டை இறக்குகிற பின்வாசல் வழியாக கேன்டீனுக்குள் நுழைந்தேன். பாத்திரம் கழுவுகிற அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டு விரலை உதட்டில் வைத்தாள். "மாஸ்டர் ருசி பார்க்கறாரு. இப்ப கூப்பிட்டா எரிஞ்சு விழுவாரு. முன்னல்லாம் ஒரு நொடி வேலை. இப்ப பார்த்துக்கிட்டே இருக்காரு."

ஆவிக்குள் இவர் நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையில் ஊற்றினார், நக்கினார், கண்ணை மூடினார். உப்பு அள்ளிப் போட்டார், கிளறினார், மறுபடியும் ஊற்றினார், நக்கினார். தலையை ஆட்டிக்கொண்டார். மறுபடியும் ஒரு கரண்டி. அடுத்த அண்டாவிலும் அதே கூத்து.

"என்னங்க இது!"

கரண்டியோடு திரும்பினார். திருட்டு முழி இல்லை, நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "நீ எங்க இங்க?"

"ஒரு வாய் கூடச் சாப்பிடலன்னு சத்தியம் பண்ணீங்களே?"

"சாப்பிடலயே! ருசி பார்க்கறேன். ருசி பார்க்கறது சாப்பாடாடி?"

அவர் வம்புக்குச் சொல்லவில்லை. சமையல்காரர்கள் யாரும் அதைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. பசிக்கிறதா என்று கேட்டால், காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை என்பார்கள். அந்த நேரம் முழுக்க வாயில் ஏதாவது போய்க்கொண்டேதான் இருக்கும்.

"இவ்வளவு தடவையா பார்ப்பீங்க?"

வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன் சாப்பாடு சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து நாக்கு மாறிப்போச்சு. எதை வச்சாலும் கரிக்குது. நாக்கு சொன்னதை நம்பி ஒரு நாள் உப்பைக் குறைச்சு இறக்கினேன். அத்தனை தட்டும் அப்படியே திரும்பி வந்துச்சு. மேனேஜர் எல்லார் முன்னாலயும், 'மாஸ்டருக்கு வயசாயிடுச்சா?'ன்னாரு. அதுல இருந்து பயம். போடறேன், பார்க்கறேன், சரியான்னு தெரியல, திரும்பப் பார்க்கறேன்."

அட கடவுளே! நான் வீட்டில் ஒழித்த உப்பு, என்னாலேயே இங்கே கரண்டி கரண்டியாக இவருக்குள் போய்க்கொண்டிருந்தது. இவர் உதட்டோரத்தில் ஒரு துளி வழிந்தது. அதைப் பார்த்ததும் கட்டிலில் கிடந்த அண்ணன் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

"பார்த்துட்டுத் துப்பிடுங்க."

"இத்தனை பேர் சாப்பிடற அண்டா முன்னால நின்னு துப்பவா? போடி."

"வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க."

"அப்புறம் நான் எதுக்கு?"

அதற்கு மேல் பேசினால் நான் கத்திவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது. ஸ்டோர் ரூமிலிருந்து தராசைத் தூக்கிக்கொண்டு வந்து மேடைமேல் வைத்தேன். "நாக்கு நல்லா இருந்த காலத்துல இந்த அண்டாவுக்கு எத்தனை கை போடுவீங்க? அதை இதுல போடுங்க."

"என் கைக்கு எடை பார்க்கறியா நீ?"

"எனக்கு நீங்க வேணும்ங்க. கட்டில்ல இல்ல. நடமாடிக்கிட்டு."

தராசைப் பார்த்தார். பிறகு எழுந்து உப்பு மூட்டைக்குள் கையை விட்டார். ஒவ்வொரு கையாக அள்ளித் தட்டில் போட்டார். காது மடல் சிவந்திருந்தது. பாத்திரம் கழுவுகிற அக்கா, பார்க்காதவள் போலக் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

அடுத்த முறை டாக்டரம்மா பட்டையை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார். அளவு இறங்கியிருந்தது. அண்ணியிடம் ஓடிப் போய்ச் சொன்னேன், காலில் விழாத குறையாக மன்னிப்பும் கேட்டேன். "சரி, சரி, உள்ள வா" என்றார்.

இவர்தான் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒருத்தனும் ஒண்ணும் சொல்லலடி" என்றார்.

"நல்லதுதானே? தட்டு எதுவும் திரும்பி வரலயே."

"வரல. ஒரு சொட்டு நாக்குல வைக்காம தினமும் இறக்கறேன். எவனுக்கும் வித்தியாசம் தெரியல. மேனேஜர் வந்து தராசைப் பார்த்தாரு. 'உங்க கைப்பக்குவம் இவ்வளவுதானா மாஸ்டர்?'னு கேட்டுட்டுப் போயிட்டாரு."

சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் காலை டாக்டரம்மா அனுமதித்த அந்தத் துளி உப்பை அளந்து போட்டு, எலுமிச்சை பிழிந்து, பருப்பு வைத்தேன். அடுப்பை அணைப்பதற்கு முன், பழையபடி கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். இவர் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஏதோ புதுப்பெண் மாதிரி.

"கையை நீட்டுங்க. உப்பு சரியா இருக்கா பாருங்க. ஒரு சொட்டுதான், ஒண்ணும் ஆகாது."

நிமிர்ந்தார். தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை மூடிக்கொண்டார்.

"அளந்துதானே போட்டே? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தெருமுனை திரும்பும் வரை நின்றேன். கரண்டியில் இருந்ததை என் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். சூடு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது. உப்பு சரியாக இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.