சாபிரா கடலுக்குள் மூச்சுவிட்டாள்

1957-இல் ஒரு மத்தியானம், ராயபுரம் காஜா மொய்தீன் தோளில் உருளையாக நீண்ட ஓர் இரும்புக் குண்டைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறியும் ஆட்டுக்கறியும் கொடுப்பது அவர் தொழில். குண்டின் தலையிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் கிளம்பின. இரண்டும் சேரும் இடத்தில், வாயில் கடித்துக்கொள்ள ஒரு ரப்பர் துண்டு இருந்தது.

"இன்னாங்க இது? சோடா கம்பெனி வெக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி சாபிரா.

"இத்த முதுவுல கட்டிக்கினு தண்ணிக்குள்ள மீன் மாரி சுத்தலாம். உள்ள பூரா காத்து!"

ஓர் இத்தாலியக் கப்பல் அதிகாரி கொடுத்தது அது. அவருக்கு ஊரில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நானா, அந்தக் குண்டா என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாளாம். அந்த மனுஷர், எப்படி முங்குவது என்று காஜாவுக்குச் சொல்லிக்கொடுத்து, முகக் கண்ணாடியோடு எல்லாவற்றையும் அவர் கையில் திணித்துவிட்டுக் கப்பலேறிவிட்டார்.

காஜாவின் தோஸ்து ஆறுமுகநயினார் வண்ணாரப்பேட்டையில் இரும்புக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். திருவொற்றியூரில் அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது, அதில் படி வைத்த பெரிய கிணறு. ஞாயிற்றுக்கிழமை சாபிராவும் சேர்ந்து மூவரும் அங்கே போனார்கள். உடம்பு மிதக்காமலிருக்கக் கடை எடைக்கற்களைத் துணியில் முடிந்து காஜாவின் இடுப்பில் கட்டினார் நயினார்.

காஜா முங்கினார். கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. அவ்வளவுதான், அலறிக்கொண்டு படியேறி வந்துவிட்டார்.

"மூக்குல தண்ணி பூந்துடுச்சு நைனா! கபுருஸ்தான் குழியே கண்ணுக்குத் தெரிஞ்சிது!"

திரும்பத் திரும்ப இறங்கினார். ஒவ்வொரு தடவையும் அதே அலறல். படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்த சாபிரா, கடைசியில் கேட்டாள்: "நா ஒருதபா பாக்கட்டா?"

அவள் பழவேற்காட்டில் பிறந்தவள். சின்ன வயதில் ஏரியில் கிடந்து ஊறியவள். காஜா தயங்கி நயினாரைப் பார்த்தார்.

"தங்கச்சி எறங்கட்டும்வே. நீரு மேல இருந்து துவா பண்ணும்," என்ற நயினார், தென்னை மரத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

புருஷனின் பைஜாமாவையும் ஜிப்பாவையும் போட்டு, குண்டையும் எடைக்கற்களையும் கட்டிக்கொண்டு சாபிரா இறங்கினாள். தண்ணீர் தலைக்கு மேலே மூடியது. பயந்து பயந்து மூச்சை இழுத்தாள். வந்தது! விட்டாள், காதோரம் குமிழிகள் கடகடவென்று ஓடின. கிணற்றுக்குள் உட்கார்ந்து மூச்சுவிடுகிறோம் என்ற நினைப்பே அவளைக் கிச்சுக்கிச்சு மூட்டியது.

இத்தாலியர் சொன்னதைக் காஜா ஒப்பிக்க ஒப்பிக்க, ஒவ்வொன்றாகப் பழகினாள். கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் தலையை அண்ணாந்து, மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதவேண்டும். தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். வாய்க்குழாய் நழுவினால் மிதந்து தலைக்கு மேலே போய்க் கொப்பளிக்கும். அதைப் பிடித்துக் கடித்து, இடப்பக்கம் சாய்ந்து, முதலில் ஊதிவிட்டுப் பிறகுதான் இழுக்கவேண்டும். மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது, தன் குமிழிகளை முந்தவும் கூடாது. வாரா வாரம் கிணறு. குண்டு காலியானதும் அந்த இத்தாலியக் கப்பல் கம்பெனியின் இன்னொரு கப்பலில் காஜா காற்று நிரப்பி வந்தார்.

அலை அடங்கிய ஒரு காலையில் எண்ணூரிலிருந்து மூவரும் படகெடுத்தார்கள். சாபிராவின் இடுப்பில் கயிறு, மறுமுனை காஜாவின் கையில். ஓர் இழுப்பு என்றால் சுகம். மூன்று என்றால் தூக்கு.

மூன்று ஆள் ஆழத்தில் மணல் தெரிந்தது. சாபிராவுக்குத் தலைகால் புரியவில்லை. குட்டிக்கரணம் போட்டாள். வெள்ளிக்காசு மாதிரி மீன்கள் ஒரே நேரத்தில் திரும்பின. ஒரு பாறையோரம் கணவாய் மீன் ஒன்று நின்று, பழுப்பாகி, வரிவரியாகி, வெளுத்து அவளையே முறைத்தது. இவளும் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் முறைத்தாள். கணவாய் அவள் மூஞ்சியிலேயே மையைப் பீய்ச்சியது.

சிரிப்பும் அலறலும் ஒன்றாக வந்ததில் வாய்க்குழாய் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கண்ணாடிக்குள் தண்ணீர். சுற்றிலும் கறுப்பு. மேலே போ, மேலே போ என்று உடம்பு துடித்தது. கால் மணலை உதைக்கப் போயிற்று.

'நில்லுடி,' என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

மணலில் முட்டி போட்டாள். வாயிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகளாக விட்டபடி கையைத் தலைக்கு மேலே நீட்டினாள். அங்கே குழாய் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பிடித்தாள், கடித்தாள், சாய்ந்தாள், ஊதினாள், இழுத்தாள். கடற்கரைக் காற்று முழுவதும் நெஞ்சுக்குள் வந்தது போலிருந்தது. பிறகு அண்ணாந்து கண்ணாடியை அழுத்தி மூக்கால் ஊதினாள். ஒரு தரம் போதவில்லை. இன்னொரு தரம். வெளிச்சம் வந்தது. கணவாய் எப்போதோ ஓடிவிட்டிருந்தது.

கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தாள். மேலே பிடிப்பவர் யாருமில்லாதது போலக் கயிறு தொளதொளவென்று இறங்கி வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். தண்ணீரில் லுங்கி குடையாக விரிந்திருக்க, இரண்டு கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன.

பதறினாலும் அவசரப்படவில்லை. குமிழிகளுக்குப் பின்னாலேயே ஊதிக்கொண்டு எழும்பினாள். நயினார் நீட்டிய துடுப்பைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார் காஜா. அவருக்கு அரைகுறை நீச்சல்தான்.

"யா அல்லா! உசுரோட கீறியா?"

"நா நல்லாத்தான் கீறேன். நீங்க இன்னா பண்றீங்க?"

"திடீர்னு குமிழி கொதிச்சு வந்துச்சு... உன்னக் காப்பாத்தக் குதிச்சிட்டேன்!"

"காப்பாத்தினது போதும்வே!" என்று கத்தினார் நயினார். "தங்கச்சி, மொதல்ல இவரத் தள்ளி ஏத்து. எனக்குக் கை கழலுது!"

அவள் கீழிருந்து தள்ள, நயினார் மேலிருந்து இழுக்க, காஜா படகில் விழுந்தார்; பின்னாலேயே அவளும் ஏறினாள். நடந்ததைச் சாபிரா சொல்லச் சொல்ல, அவள் காதோரத்து மையைத் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கியவர், திடுமெனச் சிரிக்க ஆரம்பித்தார்.

"கணவா மூஞ்சில துப்புச்சா? மூஞ்சிலயேவா?"

சிரித்துச் சிரித்து மூவருக்கும் மூச்சு வாங்கியது. படகு தள்ளாடியது. சற்று அடங்கியதும் காஜா கண்ணாடியைக் கையிலெடுத்தார்.

"அந்த மூக்கால ஊதுறத எனக்கும் காட்டு, சாபிரா. இனிமே நனையறதுக்கு இன்னா கீது?"

கண்ணாடியை மாட்டி, படகு விளிம்பைப் பிடிக்கச் சொல்லி அவரைத் தண்ணீரில் இறக்கி, ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தை முக்கினார், கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியது. அவர் உடம்பு விறைத்தது. "ஊதுங்க, மெதுவா," என்று சாபிரா அவர் தோளை அழுத்தினாள். ஊதினார். தண்ணீர் இறங்கியது. கண்ணாடிக்குள் இரண்டு கண்களும் ஆச்சரியத்தில் வட்டமாயின.

"போயிடுச்சு! தண்ணி போயிடுச்சு!" என்று எண்ணூர் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

நயினார் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்லச் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

"குண்டுல காத்து மிச்சம் இருக்கா தங்கச்சி? நானும் ஒரு முங்கு முங்கிட்டு வாரேன்."