நாத்தனார் லேப்டாப்பில் லினக்ஸ்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்த சந்தோஷம் அண்ணிக்கு ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. அங்கே எல்லாக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தானாம். அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை அவள். கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் பொறியாளர், "வீட்ல போட்டுப் பழகிட்டு வாங்க" என்று லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவைக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

வீட்டில் இருந்த ஒரே லேப்டாப் நாத்தனாருடையது. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவள். அதை யாரையும் தொட விடமாட்டாள். அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அண்ணி பென்டிரைவைச் செருகி, பொறியாளர் சொன்ன கீயை அழுத்திக்கொண்டே ஆன் செய்தாள். திரை ஏதோ கேட்டது. அவசரத்தில் ஏதோ ஒன்றை அழுத்தினாள்.

கறுப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின. பிறகு பளிச்சென்று வேறொரு திரை. அதில் நாத்தனாரின் ஒரு ஃபோல்டர்கூட இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

போன வாரக் கல்யாணம் முழுக்க அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டு இன்னொரு தடவை கட்டிக்கொள்ளச் சொல்ல முடியுமா?

வாசல் கதவு திறந்தது.

"என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் கத்தவில்லை. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுதான் அண்ணியை இன்னும் பயமுறுத்தியது.

"கேமரா கார்டுல இருக்குமேம்மா?"

"நேத்துதான் அழிச்சேன்."

வேறு வழியில்லாமல் அண்ணி பொறியாளருக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு பட்டன் வந்திருக்குமே. சும்மா பாக்கிறதா, இன்ஸ்டாலா? எதை அழுத்தினீங்க?"

"ஞாபகமில்ல சார்."

"ஷட்டவுன் பண்ணி, பென்டிரைவை எடுத்துட்டு மறுபடி ஆன் பண்ணுங்க. சும்மா பாத்திருந்தா பழையது அப்படியே வரும்."

"இல்லேன்னா?"

"முதல்ல ஆன் பண்ணுங்க."

"என்னால முடியாது. நீங்களே பண்ணுங்க" என்று நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள். திரை வெகுநேரம் கறுப்பாகவே கிடந்தது. பிறகு நாத்தனார் முகப்புப் படமாக வைத்திருந்த மணப்பெண்ணின் சிரித்த முகம் வந்தது.

"வந்துடுச்சும்மா!"

நாத்தனார் படங்களை ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினாள். போதாதென்று இன்னொன்றிலும் ஏற்றினாள். பிறகு லேப்டாப்பை அண்ணி பக்கம் தள்ளினாள்.

"இப்ப பென்டிரைவைச் செருகுங்க."

"ஐயோ, நான் மாட்டேன்!"

"ஆபீஸ்ல போய் நடுங்கறதுக்கு இங்கேயே நடுங்குங்க அண்ணி. நான் பக்கத்துல இருக்கேன்."

இந்தத் தடவை இரண்டு பட்டன்களையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள் அண்ணி. 'சும்மா பாக்கிறது' எது என்று விரல் வைத்துக் காட்டி, நாத்தனார் தலையாட்டிய பிறகுதான் அழுத்தினாள்.