அறுபத்திரண்டு சதவீதத்தில்

“ஏன் அத்தை, இந்த லேப்டாப்பைப் பார்த்தா உங்களுக்குப் பயமா?” என்று மருமகள் ஒருமுறை கேட்டாள்.

“எனக்கென்ன பயம்? எழுந்து வந்து கடிக்கவா போகுது?” என்று மாமியார் வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்காகவே அன்றிலிருந்து தினமும் அந்த மேசையைத் துடைத்துவந்தாள்.

இன்று காலை துடைத்தபோது திரையில் அறுபத்திரண்டு சதவீதம் என்று ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. மருமகள் குளித்துக்கொண்டிருந்தாள். ஆளில்லாத அறையில் எது ஓடினாலும் மாமியாருக்குக் கை பரபரக்கும். சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டாள். பேட்டரி எப்போதோ செத்துப்போன லேப்டாப், பொசுக்கென்று இருண்டது. பதறிப்போய் ஸ்விட்சை மறுபடி போட்டுவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டாள்.

அப்டேட் முடிந்து தானாக அணைந்ததாக்கும் என்று நினைத்து மருமகள் வந்து பட்டனை அமுக்கினாள். நீலத் திரை வந்தது, போனது, மறுபடி வந்தது. நான்காம் முறையும் அதே கதை.

அவள் வீடு கட்டுபவர்களுக்கு வரைபடம் வரைந்து கொடுப்பவள். நான்கு மணிக்கு என்ஜினியர் வருவார். நாளை அஸ்திவாரம் தோண்டப்போகும் வீட்டின் படம், ஆறு நாள் வேலை, அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை.

மாமியார் கதவோரம் நின்று பார்த்தாள். தானாயிருந்தால் இந்நேரம் தெருவையே கூட்டியிருப்பாள். இவளோ ஈரத் தலையைத் துண்டோடு முடிந்துகொண்டு, திரையில் வந்ததை ஒரு தாளில் வரி வரியாக எழுதினாள். பிரின்டர் வயரைக் கழற்றிப் பார்த்தாள், மவுஸைக் கழற்றிப் பார்த்தாள். பலிக்காத ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கோடு. அழுகிற குழந்தைக்கு வயிறு வலியா காது வலியா என்று தடவிப் பார்க்கிற கை அது.

“டிஸ்க் கெட்டிருந்தா இதுக்கு மேல ஓட்டவே கூடாது அத்தை. கழற்றிக் கடைக்குத்தான் தரணும், ரெண்டு நாள் ஆகும். அப்டேட் பாதியில நின்னிருந்தா நானே அந்த அப்டேட்டை நீக்கிச் சரிபண்ணிடுவேன். எதுன்னுதான் பிடிபடல.”

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவள் வேலை போகும். மாமியார் கதவை விட்டு உள்ளே வந்தாள்.

“நான்தாம்மா ஸ்விட்சை அணைச்சேன். அறுபத்திரண்டுன்னு காட்டுச்சு.”

“நிஜமாவா?” மருமகள் துள்ளித் திரும்பினாள். “அப்பாடா! அப்ப டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. நம்பரைக்கூட பார்த்து வச்சிருக்கீங்களே!”

“ஒரு வார்த்தை திட்டேன்டி.”

“இப்ப நேரமில்ல. ஸ்விட்ச்கிட்ட நில்லுங்க, யாரும் கை வைக்காம பாத்துக்குங்க.”

“என்னை விட்டா இந்த வீட்ல யாரு வைக்கப்போறா?”

மருமகள் பழுதுபார்க்கும் திரைக்குள் நுழைந்து, கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கச் சொன்னாள். சக்கரம் சுற்றியது, சுற்றியது, மதியம் தாண்டியும் சுற்றியது. அவள் அதை ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை. மூன்றரைக்குப் படம் திறந்தது. படிக்கட்டு, ஜன்னல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் கோடு பிசகாமல் இருந்தன.

என்ஜினியர் வந்தபோது பிரின்டர் கடைசித் தாளைத் துப்பிக்கொண்டிருந்தது.

“காலையிலேர்ந்து போன் பண்றேன், எடுக்கவே இல்லையே.”

“லேப்டாப் திறக்கல சார், இப்பதான் சரியாச்சு.”

“இந்த ஓட்டை மெஷினை வச்சுக்கிட்டு என்னம்மா கூத்து?”

“மெஷின் மேல தப்பில்ல சார். அப்டேட் ஓடும்போது விட்டுட்டுப் போனது நான்தான். என் தப்பு.”

மாமியார் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளுக்குக் காபி போட அடுக்களைக்குப் போனாள்.