படகுச் சட்டை எடுப்பதில்லை

அந்தத் தெருவில் கஞ்சியக்காவைத் தெரியாதவர் கிடையாது. லாண்ட்ரி வைத்திருப்பதால் மட்டும் வந்த பெயரில்லை அது. அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது கஞ்சி போட்டுத் தேய்த்த காலர் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். கல்யாணமான மறுவாரமே அவள் வீட்டுக்காரர் வைத்த பெயர் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் இதுவரை ஒத்துக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொள்வதோடு சரி.

அப்பேர்ப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை காலை கடை வாசலில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள். "இங்கே படகுச் சட்டை எடுப்பதில்லை. இப்படிக்கு, உரிமையாளர்."

படகுச் சட்டை என்பது தெருமுனை வங்கிக்காரர்கள் போடுகிற சட்டை. இளநீலம், இடப்பக்க மார்பில் பாய் விரித்த படகு. அந்த வங்கி போன வருஷம் கவிழ்ந்தது. ஊரார் பணம் நாலு மாதம் உள்ளே மாட்டிக்கொண்டது. புது சலவை இயந்திரத்துக்கென்று கஞ்சியக்கா சேர்த்ததும் அதில் அடக்கம். பிறகு அரசாங்கம் வரிப்பணத்தைக் கொட்டி வங்கியைத் தூக்கி நிறுத்தியது. அப்பாடா என்று ஜனங்கள் மூச்சு விட்ட நேரத்தில் செய்தித்தாளில் வந்தது: வங்கி ஊழியர்களுக்கு இந்த வருஷமும் போனஸ் உண்டு.

எதிர்க்கடையில் சாவி செய்கிறவர் அதை உரக்கப் படித்துவிட்டு, தெருவைக் கடந்து இவள் கடைக்கே வந்துவிட்டார்.

"கேட்டீங்களா கூத்தை! படகைக் கவுத்தவங்களுக்குப் பரிசாம். நான் உங்க பூட்டை உடைச்சுட்டு வந்து நின்னா எனக்குக் கூலி குடுப்பீங்களா?"

"உடைச்ச கையை ஒடிப்பேன்."

"அதைத்தான் சொல்றேன். நம்ம வரிப்பணத்துல இவங்களுக்குப் போனஸ்!"

கஞ்சியக்கா அட்டை எழுதினாள்.

தெருவில் அட்டைக்கு ஏக மரியாதை. மருந்துக்கடைக்காரர் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார். துவைக்க ஒன்றும் இல்லாதவர்கள்கூட அட்டையைப் படிப்பதற்காக அந்தப் பக்கம் வந்தார்கள். வங்கிக்காரர்கள் பாடுதான் திண்டாட்டமாகிவிட்டது. அந்தச் சட்டைத் துணி ஒரு தினுசு. சூடு கொஞ்சம் கூடினால் பளபளவென்று இளித்துவிடும். குறைந்தால் சுருக்கம் போகவே போகாது. வீட்டில் தேய்த்துப் பழக்கமில்லாதவர்கள் ஆளுக்கொரு விதமாகத் தேய்த்து, ஒரே வாரத்தில் வங்கியில் பாதிப் பேர் இளித்துக்கொண்டும் பாதிப் பேர் கசங்கிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

இதில் ஒரு சிக்கல். கஞ்சியக்காவின் கூடப்பிறந்த தம்பி அந்த வங்கியில்தான் கேஷியர். கடைக்கு மேல்மாடியில்தான் அவன் குடித்தனம். பதினோரு வருஷமாக, மதியம் ஒரு மணி அடித்தால் கடையின் பின்னறைக்கு வந்துவிடுவான். அக்கா, மாமா, அவன், மூன்று தட்டு, ஒரே அரட்டை. அட்டை தொங்கிய அன்றைக்கும் வந்தான். அட்டையைப் படித்தான். குனிந்து தன் மார்பில் இருந்த படகைப் பார்த்தான். வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் கடைப் படியை மிதிக்கவில்லை. மாடிக்குப் போகும்போதுகூட செருப்புச் சத்தம் கேட்காமல் போனான். மதியத்தில் வங்கியின் பின்வாசல் படியில் உட்கார்ந்து பன்னைக் கடிக்கிறான் என்று சாவிக்காரர் சேதி சொன்னார்.

கஞ்சியக்கா தினமும் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். ஒன்றை அப்படியே திரும்ப அடுக்கினாள்.

"சும்மா இருக்கற தட்டையும் எடுத்து எடுத்து வைக்கிறியே, உனக்கும் போனஸ் உண்டா?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டுதான். 'அக்கா, தப்புதான், அந்தக் காசு எனக்கு வேண்டாம்'னு ஒரு வார்த்தை வந்து சொல்லட்டும். அந்த நிமிஷமே அட்டையைக் கழட்டறேன்."

"அவன் உன் தம்பியாச்சே, சொல்லுவானா?"

அங்கேதான் வந்து நின்றது விஷயம்.

பத்தாம் நாள் காலை தம்பி மனைவி ஒரு மூட்டையோடு இறங்கி வந்தாள். "சட்டை இல்ல அண்ணி. வெறும் பேண்ட். இதுல படகு கிடையாது, வேணும்னா பார்த்துக்குங்க."

"என்கிட்டயே சட்டம் பேசறியா? வை."

வைத்தவள் போகவில்லை. குரலைத் தாழ்த்தினாள். "வாங்கின போனஸை எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கார் அண்ணி. கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கறார். நானும் சமையலறையில ஒரு டப்பா விடாம தேடிட்டேன். உங்க வளர்ப்புதானே, வயித்துக்குள்ள இருக்கறது வாய்க்கு வராது."

"வளர்ப்பைப் பத்தி அப்புறம் பேசலாம், போ."

லாண்ட்ரிக்கு வருகிற எந்தத் துணியும் பையைத் துழாவாமல் தண்ணீரைப் பார்க்காது. பேனா இருந்தால் இருபது துணி நாசம். அதனால் கஞ்சியக்கா ஒரு முறை வைத்திருந்தாள். பையில் கிடைத்ததை ஒரு உறையில் போட்டு, மேலே துணியின் எண்ணையும் உள்ளே இருப்பது என்ன என்பதையும் எழுதிவிடுவாள். காகிதமாக இருந்தால் பிரித்துத் தலைப்பை மட்டும் பார்க்கலாம், அதற்குக் கீழே கண் போகக்கூடாது. ஒரு பையில் பார்த்ததை இன்னொரு காதுக்குச் சொல்லக்கூடாது. இந்த முறையால்தான் எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தெருவில் இன்னும் குடும்பமாக இருக்கின்றன.

தம்பியின் இரண்டாவது பேண்டில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பிரித்தாள். மேலே படகு. அதன் கீழே இருந்ததே ஒரு வரிதான். தலைப்பைப் பார்த்த கண்ணுக்கு அதைப் பார்க்காமல் திரும்ப வழியில்லை.

"இவ்வாண்டு போனஸ் பட்டியலில் தங்கள் பெயர் இடம்பெறவில்லை. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்ல. பேனா இருக்கும்னு நினைச்சேன்."

அவரிடம்கூடச் சொல்லவில்லை பாருங்கள், முறை என்றால் முறை. ஆனால் கைக்கு வேலை ஓடவில்லை. ஒரு மணி அடித்ததும் நேராக வங்கியின் பின்வாசலுக்கு நடந்தாள். தம்பி படியில் உட்கார்ந்திருந்தான். சட்டையின் முன்பக்கம் இளிப்பு, முதுகுப்பக்கம் கசங்கல். அக்காவைக் கண்டதும் பன்னை மறைத்தான்.

உறையை நீட்டினாள். "உன் பேண்டுல இருந்தது."

மேலே 'கடிதம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கிற்று. "படிச்சியா?"

"தலைப்பைத்தான் பார்த்தேன். உங்க ஆளுங்க கடிதத்தையே தலைப்பு அளவுக்கு எழுதியிருந்தா நான் என்னடா செய்ய? ஏண்டா சொல்லல? தெருவே உன்னைக் கரிச்சுக் கொட்டுது. நானும் சேர்ந்து கொட்டினேன். வாங்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போகும்?"

"திட்டறது பரவாயில்லக்கா. போனஸ் வாங்கினவன்னு திட்டறப்போ அதுல ஒரு மரியாதையாவது இருக்கு. வாங்காதவன்னு தெரிஞ்சா பாவம்னு சொல்லுவாங்க. அதை எப்படித் தாங்கறது?" பன்னை மறுபடி வெளியே எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பதினாலு வருஷம். ஒருநாள் என் கணக்கு உதைச்சதில்ல. கவுன்ட்டர்ல எல்லாருக்கும் வந்திருக்கு. என் ஒருத்தன் பேரு மட்டும் இல்ல."

"எல்லாருக்கும் வந்துச்சுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அந்தப் பேச்சை எடுத்தாலே எல்லாரும் குனிஞ்சுக்கறாங்க. வாயே திறக்கலைன்னா வாங்கிட்டாங்கன்னுதானே அர்த்தம்?"

கஞ்சியக்கா இடுப்பில் கை வைத்தாள். "நீயும்தான் வாயே திறக்கல."

தம்பி வாயில் போட்ட பன்னை மெல்ல மறந்துவிட்டான்.

அன்று சாயந்திரம் பழைய அட்டைக்குக் கீழே இன்னொன்று ஏறியது. "பட்டியலில் பெயர் இல்லை என்று கடிதம் வந்தவர்கள், கடிதத்தைக் காட்டினால் சட்டை எடுத்துக்கொள்ளப்படும். அன்றைக்கே கிடைக்கும்."

இரவு மாடிப்படியில் பாதி இறங்கி நின்று தம்பி கெஞ்சினான். "அக்கா, எடுத்துடுக்கா. ஒருத்தரும் வரப் போறதில்ல. அப்புறம் உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டு என்கிட்டதான் வந்து நிப்பாங்க. என் மானம் கப்பலேறும்."

"ஏறட்டும். உங்க படகை விட கப்பல் கெட்டியா இருக்கும்."

தைரியமாகச் சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. யாரும் வராவிட்டால் தம்பி சொன்னதுதான் நடக்கும். அதற்கப்புறம் மூன்றாவது தட்டை எடுத்து வைக்கவும் அவளுக்கு முகம் இருக்காது.

காலை ஏழு மணிக்குக் கதவைத் தூக்கினாள். வெளியே யாருமில்லை. ஏழேகாலுக்கு வங்கிக் காவலாளி மட்டும் வந்தார். மீசை என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். இரண்டு சட்டையும் ஒரு கடிதமும் மேசையில் விழுந்தன.

"எனக்கு என்னம்மா வெட்கம்? எனக்கு எந்த வருஷமும் குடுத்ததில்ல. இந்த வருஷம்தான் மரியாதையா எழுதியே குடுத்திருக்காங்க."

அவர் பின்னாலேயே கவுன்ட்டர் பெண் ஒருத்தி தலையில் முக்காடு மாதிரி துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். மீசையைப் பார்த்ததும் பின்வாங்கினாள். அதற்குள் அவளுக்குப் பின்னால் கடன் பிரிவுக்காரர் வந்து நின்றுவிட்டார்.

"நீங்களா சார்?"

"நீயாம்மா? உனக்கு வந்திருக்கும்னு நினைச்சு நான் பத்து நாளா உன்கூடப் பேசலையே!"

"நீங்க பேசலைன்னதும் உங்களுக்கு வந்துடுச்சுன்னு நான் நினைச்சேன் சார்!"

அவ்வளவுதான், மதகு திறந்த மாதிரி ஆகிவிட்டது. எட்டு மணிக்குப் பதினாறு பேர் வரிசையில். ஆளுக்கொரு மூட்டை, ஆளுக்கொரு நாலு மடிப்புக் கடிதம். எல்லாக் கடிதத்திலும் அதே ஒரு வரி. ஒருவர் படிக்க எல்லாரும் சேர்ந்து "ஒத்துழைப்புக்கு நன்றி" என்று கோரஸ் பாடினார்கள். கடைசியில் பின்கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரர் போய்த் திறந்தால், கிளை மேனேஜர். சட்டையைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

"ஐயா, முன்வாசலுக்குப் போங்க. உங்க சபை பூரா அங்கதான் இருக்கு."

மேனேஜர் வரிசையின் கடைசியில் போய் நின்றதும் எழுந்த சிரிப்பில் மாடி ஜன்னல் திறந்தது. தம்பி எட்டிப் பார்த்தான். ஒவ்வோர் ஆளாக எண்ணினான். அவன் கணக்கு ஒருநாளும் உதைத்ததில்லை. கிளையில் அவனைத் தவிர்த்துப் பதினேழு பேர், வரிசையிலும் பதினேழு பேர்.

பத்து நாள் சட்டையையும் வாரிக்கொண்டு தடதடவென்று இறங்கினான். நேரே மேசைக்கு வந்தவனைக் கஞ்சியக்கா முறைத்தாள். "தம்பின்னா முன்னால விட்டுடுவேனா? போய் மேனேஜருக்குப் பின்னால நில்லு."

மாடியிலிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "அப்போ ஒளிச்சு வைக்கலையா? இதைச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? உப்பு டப்பாவுக்குள்ள கைவிட்டுத் தேடினேனே!"

எதிர்க்கடை சாவிக்காரர் நடுத்தெருவுக்கே வந்துவிட்டார். பத்து நாளாகப் போனஸ் குடுத்ததற்குத் திட்டிய அதே வாய், இப்போது குடுக்காததற்குத் திட்டியது. "அநியாயம்! காலையிலருந்து சாயந்திரம் வரைக்கும் நம்மகிட்ட திட்டு வாங்கினது இந்தப் புள்ளைங்க. போனஸ் வாங்கினவன் எவனோ!"

அதுதான் கேள்வி. எல்லாரும் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "தலைமை அலுவலகம், பன்னிரண்டாவது மாடி. ஏழு பேர்."

கஞ்சியக்கா இரண்டு அட்டைகளையும் கழற்றி மேசைக்கடியில் போட்டாள். அன்று மதியம் பின்னறையில் மூன்று தட்டுப் போதவில்லை. மீசையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தான் தம்பி. பத்து நாள் பாக்கி அரட்டையை ஒரே மூச்சில் அவன் அடித்துக்கொண்டிருக்க, கஞ்சியக்கா இடையில் புகுந்தாள்.

"மீசை, நீங்க முன்னால தலைமை அலுவலகத்துலதானே காவல்? பன்னிரண்டாவது மாடிக்காரங்க துணி எங்க போகுது?"

"சட்டை இல்லம்மா, கோட்டு. வெள்ளிக்கிழமை ஒரு பச்சை வேன் வந்து எடுத்துட்டுப் போகும். திங்கட்கிழமை கூட்டத்துக்கு எடுத்துட்டு வந்துடும்."

"பச்சை வேனா?" கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனை எடுத்தாள். "அது எங்க லாண்ட்ரி சங்கச் செயலாளர் வேனாச்சே."

"அக்கா, வேண்டாம்," என்றான் தம்பி, வாய் நிறையச் சாப்பாட்டோடு. "எனக்கு வேலை போயிடும்."

"உன் பேரு எந்தப் பட்டியல்லதான் இருக்கு, எடுக்கறதுக்கு?"

வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. மீசை அவர் தலையில் தட்டிக்கொண்டிருந்தபோதே மறுமுனையில் மணி அடித்துச் செயலாளர் எடுத்துவிட்டார்.

"அண்ணே, நான்தான். நல்லா இருக்கீங்களா, வீட்டுல சௌக்கியமா? ஒண்ணுமில்ல, வெள்ளிக்கிழமை ஏழு கோட்டு வருமில்ல? வழக்கம்போல எடுத்துக்குங்க. துவைங்க, குறையே சொல்ல முடியாதபடி துவைங்க. காய வைங்க." ஒரு நொடி நிறுத்தினாள். "தேய்க்க மட்டும் தேய்க்காதீங்க."