கோர்டனின் நரையும் லொரெய்னின் நரையும்

"கழுவு, ஆர்னே! எரியுது, சீக்கிரம் கழுவு!"

சமையலறைத் தொட்டியில் தலையைக் கவிழ்த்தபடி லொரெய்ன் அலறினாள். கணவன் ஆர்னே குழாயைத் திருகி, அரைகுறையாகப் பூசியிருந்த தலைச்சாயத்தை அலசிவிட்டான். உச்சந்தலை முழுக்கக் கொப்புளம் கிளம்பியிருந்தது.

"டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார், இனிமே சாயம் ஆகாதுன்னு. கேட்டியா நீ?"

"ஆறு மணிக்கு நியூஸ் வாசிக்கணுமே. டாக்டரா வந்து வாசிப்பார்?"

எங்கள் டுலூத் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் இருபத்தேழு வருஷமாக ஆறு மணிச் செய்தி லொரெய்னுடையது. ஏரியில் கப்பல் தரைதட்டினாலும், பனியில் பள்ளிக்கூடம் மூடினாலும் அவள் வாயால் கேட்டால்தான் ஊர் நம்பும். கூட உட்கார்ந்து வாசிக்கும் கோர்டன் அவளைவிட மூன்று வயது மூத்தவன். அவனுக்குத் தலை வெளுத்தபோது நிலையம் என்ன செய்தது தெரியுமா? நெடுஞ்சாலையோரம் அவன் படத்தைப் பெரிதாக வைத்து, 'நம்பிக்கைக்குரிய முகம்' என்று எழுதியது. லொரெய்னுக்கு முதல் நரை வந்தபோது, சாயம் பூசியே தீரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தது. என்ன நியாயமோ இது!

அன்று பனிப்புயல். வகிடும் காதோரமும் பளீரென்று வெளுத்திருக்க, அப்படியே நிலையத்துக்குப் போனாள். செய்திப் பிரிவுத் தலைவன் கெண்ட், அவளுக்கு மகன் வயசு, பதறிப்போனான்.

"ஐயையோ லொரெய்ன்! இப்படியேவா கேமரா முன்னாடி உக்காரப் போறீங்க?"

"தலை புண்ணாயிடுச்சு. இனிமே பூசமாட்டேன்."

"விக் ஒண்ணு மாட்டிக்கலாம்ல?"

"புண்ணு மேலேயா? உன் தலையில மாட்டிப் பாரேன்."

"கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கங்க. நம்ம சின்னப்பொண்ணு பிரியானா வாசிக்கட்டும்."

லீவு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த ஜாய்ஸும் இப்படித்தான் லீவில் போனாள். திரும்பி வரவே இல்லை. அன்று அந்த இடத்தில் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தவள் லொரெய்ன்தான். இந்த மாசக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தமும் முடிகிறது.

"இந்தப் புயல்ல பிரியானா எங்கேருந்து வருவா? தள்ளு, நேரமாச்சு."

செய்தி தொடங்கியது. பாதி வாசிக்கும்போதுதான் எதிரே இருந்த திரையைக் கவனித்தாள். கெண்ட் கேமராவைக் கோர்டன் மேலேயே நிறுத்தியிருந்தான். வாசிப்பது அவள், திரையில் ஆடுவது கோர்டனின் வெள்ளைத் தலை! கோர்டன் சங்கடத்தோடு குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லொரெய்னுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாசிப்பதை நிறுத்தாமலே காலை உந்தி, சக்கரம் வைத்த நாற்காலியைக் கோர்டன் பக்கம் உருட்டிக்கொண்டு போனாள். கோர்டன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மெல்ல நகர்ந்து இடம் விட்டான். திரையில் இரண்டு நரைத்த தலைகள். "நாளைக்கு எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை" என்று வாசித்து முடித்தாள்.

செய்தி முடிந்ததும் தொலைபேசி அலறியது. "பாத்தீங்களா, திட்ட ஆரம்பிச்சுட்டாங்க" என்று கெண்ட் எல்லோருக்கும் கேட்கும்படி அழைப்பைத் திறந்துவிட்டான். ஒரு கிழவியின் குரல்.

"லொரெய்னுக்கு நரைச்சிருக்கா? அடிப்பாவி! அவளுக்கே நரைக்கலையே, நமக்கு மட்டும் ஏன்னு இத்தனை வருஷமா சாயத்தை அப்பிக்கிட்டுக் கிடந்தேனே! முன்னாடியே காட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

லொரெய்ன் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. கெண்ட் சிரிக்கவில்லை.

"அந்தம்மாவுக்கு எழுபது இருக்கும். ஐம்பத்தஞ்சு தாண்டினவங்க பாக்குறதை விளம்பரக்காரங்க கணக்குலயே சேர்க்க மாட்டாங்க. அவங்க பாத்தா என்ன, பாக்காட்டி என்ன?"

"எனக்கு ஐம்பத்தெட்டு, கெண்ட்," என்றாள் லொரெய்ன். "கோர்டனுக்கு அறுபத்தொண்ணு. அவனும் கணக்குல இல்லையா?"

தொலைபேசி மறுபடியும் அடித்தது. கெண்ட் அதைத் தொடவில்லை. லொரெய்ன்தான் எட்டி எடுத்தாள்.

"நரைச்ச லொரெய்ன்தான் பேசறேன். சொல்லுங்க."